விடிலியிலிருந்து பயிற்சித் திடலுக்கு

நான் படித்த மகளிர் கல்லூரியில் ஒருநாள் தீயணைப்புச் செயல்விளக்கம் நடந்தது. 1990களின் நடுப்பகுதி. திடலின் நடுவே ஒரு தகரப் பீப்பாயை வைத்து, அதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். வந்திருந்த பயிற்றுநர் சிவப்பு உருளையைக் கையில் எடுத்தார். ஊசியை உருவ வேண்டும், குழாயைச் சுடரின் உச்சிக்கு அல்ல, தீயின் அடிக்குக் காட்ட வேண்டும், பிறகு பிடியை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நன்றாகவே சொன்னார். "யாராவது வந்து செஞ்சு பாருங்க" என்று அவர் கூப்பிட்டதும் முன்வரிசையில் நாலைந்து பேர் எழுந்தோம். பேராசிரியை ஒருவர் எங்களைக் கையமர்த்தினார். தாவணி பற்றிக்கொள்ளும் என்றார். கடைசியில் வாட்ச்மேன் அண்ணாச்சியும் தோட்டக்காரரும் வந்து உருளையைப் பிடித்தார்கள். தீ அணைந்தது. நாங்கள் கைதட்டினோம்.

அன்று இரவு விடுதியில் படுத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. விடுதிக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. இரவில் இங்கே தீப்பிடித்தால், அணைக்கத் தெரிந்த இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே இருப்பார்கள்.

தீயணைப்புத் துறையில் பெண்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது எங்கும் 'முதல் பெண்' என்ற தலைப்புகளே கிடைத்தன. அந்தப் பெண்களை நான் மதிக்கிறேன். அவர்களைப் பற்றியும் இங்கே எழுதப்போகிறேன். ஆனால் கல்லூரித் திடலில் கைதட்டிவிட்டுத் திரும்பியவள் என்பதால் எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. தீயை அணைக்க யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? சொல்லிக்கொடுக்கும் இடத்தில் யார் நிற்கிறார்கள்?

*

என் ஊர் குலசேகரன்பட்டினம். வெளியூர்க்காரர்களுக்கு முத்தாரம்மன் கோயில் தசராவால் தெரிந்த ஊர். வேடம் கட்டி வரும் கூட்டத்தில் தீச்சட்டி ஏந்தி வரும் பெண்களையும் பார்க்கலாம். கையில் தீயோடு ஒரு பெண் நடந்துவருவதை எங்கள் ஊர் கும்பிட்டு வழிவிடும். அதே பெண் மற்ற நாட்களில் தீயோடு என்ன செய்கிறாள் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

உடன்குடி, குலசை வட்டாரம் பனங்காடு. பனையேறுவது ஆண், பதநீரைக் காய்ச்சுவது பெண். காய்ச்சும் இடத்துக்கு விடிலி என்று பெயர். பனையோலை வேய்ந்த சின்னக் குடிசை. அதற்குள் அடுப்பு, அடுப்பின் மேல் பெரிய சட்டி, எரிக்கக் காய்ந்த ஓலையும் மட்டையும் விறகும். ஓலைக்கூரைக்கு அடியில், ஓலையையே எரித்து, பருவம் முழுக்க மணிக்கணக்காகத் தீ வளர்க்கும் வேலை அது. பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள். பதம் வந்ததும் இறக்கிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. பதம் தப்பினால் அன்றைய உழைப்பு போயிற்று. தீ தப்பினால் விடிலியே போயிற்று.

என் பெரியம்மா கல்யாணமான நாளிலிருந்து விடிலியில் நின்றவர். தீ கூடினால் முதலில் எரிகிற மட்டையை அடுப்பிலிருந்து உருவி வெளியே போடுவார். பொறி பறந்து கீழே கிடக்கும் ஓலையில் பற்றினால், காலடியில் இருக்கும் தேரி மணலை அள்ளி மூடுவார். கூரை ஓரம் கருகினால் பக்கத்தில் நிறைத்து வைத்திருக்கும் பானைத் தண்ணீர்.

தீயணைப்புப் பயிற்சியின் முதல் பாடமும் இதுதான். தீ எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன். ஒன்றை எடுத்துவிட்டால் தீ நிற்காது. எரிபொருளை அகற்றுவது, காற்றை அடைப்பது, குளிர்விப்பது என்று மூன்று வழிகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார்கள். பெரியம்மாவுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. மூன்றையும் அவர் ஒரே காலைப்பொழுதில் செய்திருக்கிறார்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, 'நம் பெண்களுக்குத் தெரியாததா' என்று பெருமைப்பட்டு இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். என்னால் முடியாது. காரணம் என் சித்தி.

*

1986இல் எனக்குப் பதினொரு வயது. சித்தி வாக்கப்பட்டுப் போன ஊரிலிருந்து ஆள் வந்தது. ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். சேலையில் பற்றிய தீயோடு அவள் வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு ஓடிவந்திருக்கிறாள். ஓட ஓடக் காற்று பட்டுத் தீ கூடியிருக்கிறது. தெருவில் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லோருமே தினமும் அடுப்பெரிப்பவர்கள்தான். கூரையில் பற்றினால் என்ன செய்வது என்று தெரியும். ஒரு உடம்பில் பற்றினால் என்ன செய்வது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஓடாதே, படு, உருளு என்று கத்த ஆளில்லை. போர்வையைப் போர்த்தி அமுக்க ஆளில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சித்தி போய்ச் சேர்ந்தாள்.

வெடித்த ஸ்டவ்வை எங்கள் வீட்டார் யாரும் பார்க்கவில்லை. கேட்கவும் துணியவில்லை.

அந்த ஆண்டுகளில் செய்தித்தாளைப் புரட்டியவர்களுக்கு அந்த ஒற்றைப் பத்தி நினைவிருக்கும். ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி. ஸ்டவ் ஏன் எப்போதும் மருமகள் பற்றவைக்கும்போதே வெடிக்கிறது என்று பெண்கள் இயக்கங்கள் தெருவில் இறங்கிக் கேட்டன. அந்தக் கேள்வியின் அழுத்தத்தில்தான் 1983இல் கணவர் வீட்டாரின் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவும், 1986இல் வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. தீ வைத்தவர்களைப் பிடிக்கச் சட்டம் வந்தது. எரிந்துகொண்டிருப்பவளைக் காப்பாற்றும் அறிவு மட்டும் தெருவுக்கு வரவில்லை. அது சீருடைக்குள் இருந்தது. சீருடை ஆண்களிடம் இருந்தது.

*

சென்னை நகரத்தில் தீயணைப்புப் படை 1908இல் அமைந்தது. அடுத்த தொண்ணூற்றைந்து ஆண்டுகள் தமிழகத்தில் அந்தப் பணி ஆண்களுடையது. ஏன் என்று கேட்டால் உடல்வலு என்று பதில் வரும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தண்ணீர் பாயும் ஹோஸ் தன்பாட்டுக்குத் துள்ளும். ஏணியில் ஏற வேண்டும், மயங்கிக் கிடப்பவரைத் தோளில் போட்டு இறங்க வேண்டும், புகை அடைத்த அறைக்குள் மூச்சுக்கருவியோடு சுவரைத் தடவித்தடவிப் போய்த் திரும்ப வேண்டும். இவை எதுவும் ஆணுக்கும் பிறவியில் வந்ததில்லை. மாதக்கணக்கில் பயிற்றுநர் ஒருவர் கூடவே நின்று, தவறைத் திருத்தி, மறுபடி செய்யச் சொல்லி வரவைப்பது. அந்தத் திடலுக்குள் யாரை விடுவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஏப்ரல் 14 நாடெங்கும் தீயணைப்போர் நாள். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் வெடித்துச் சிதறியது. அதன் தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் மாண்டார்கள். கப்பலில் பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்தும் இருந்தது. எதற்குள் போகிறோம் என்று தெரியாமல் போவது எவ்வளவு கொடியது என்பதை அந்த நாள் காட்டிவிட்டது. விடுதலைக்குப் பிறகு 1956இல் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி தொடங்கப்பட்டு, விரைவில் நாக்பூருக்கு இடம்பெயர்ந்தது. அதிகாரிகளையும் பயிற்றுநர்களையும் உருவாக்கிய அந்தக் கல்லூரியில் 2002 வரை ஒரு மாணவிகூடச் சேரவில்லை.

உலகின் மற்ற பக்கங்களிலும் கதை இப்படித்தான், சில விலக்குகளைத் தவிர. நியூயார்க்கில் மாலி வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண், அடிமையாக இருந்தவர், 1818இன் பனிப்புயலில் ஆண்கள் நோயில் படுத்திருந்தபோது தீயணைப்பு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்தக் குழுவுக்குச் சமைத்துப் போட்டவர் அவர். பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறார். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது இங்கிலாந்தின் கிர்ட்டன் மகளிர் கல்லூரி. பக்கத்தில் ஏற்பட்ட ஒரு தீ விபத்தைப் பார்த்துவிட்டு, 1878இல் மாணவிகள் தங்களுக்கென்று ஒரு தீயணைப்புப் படையை அமைத்தார்கள். லண்டன் படையின் தலைவராக இருந்த கேப்டன் ஷாவின் துணையோடு முறையான பயிற்சி பெற்றார்கள். அப்புறம் அவர்களே தங்களுக்குள் தலைவியைத் தேர்ந்தெடுத்து, வரிசையில் நின்று வாளி கடத்தவும் பம்பு இயக்கவும் பழகினார்கள். மூத்த மாணவி இளைய மாணவிக்குச் சொல்லிக்கொடுக்க, அது அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அந்த மாணவிகளும் கணுக்கால்வரை தொங்கும் பாவாடைதான் கட்டியிருந்தார்கள். எங்கள் கல்லூரியின் தாவணியை நினைத்துக்கொண்டேன்.

*

2002இல் நாக்பூர் கல்லூரிக்குள் நுழைந்த முதல் மாணவி ஹர்ஷினி கன்ஹேகர். என்.சி.சி.யில் இருந்தவர், சீருடைப் பணி ஒன்றுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஆண்கள் மட்டுமே படித்த இடத்தில் அவர்களோடு சேர்ந்து தீப்பொறியியல் படிப்பை முடித்து, ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தில் தீயணைப்புப் பொறியாளராகச் சேர்ந்தார். அவர் விண்ணப்பித்த நாளில் பெண்கள் சேரக் கூடாது என்று எழுதப்பட்ட விதி தடுக்கவில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். எழுதாத விதிகள் அப்படித்தான் வேலை செய்யும்.

அடுத்த ஆண்டு, 2003இல், தமிழகத்தில் இரண்டு பெண்கள் தீயணைப்புத் துறை அதிகாரிகளானார்கள். பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார். குரூப் 1 தேர்வு எழுதி வந்தவர்கள். நாட்டிலேயே ஒரு மாநிலத் தீயணைப்புத் துறையில் இந்த நிலைக்கு வந்த முதல் பெண்கள் இவர்கள் என்பது பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டே தமிழகம் தீயால் அடுத்தடுத்து அடி வாங்கியது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம். ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவுக்கூட அடுப்பிலிருந்து பள்ளியின் ஓலைக்கூரைக்குப் பரவிய தீயில் 94 குழந்தைகள். ஓலைக்கு அடியில் அடுப்பெரிந்தால் என்ன ஆகும் என்பதை எந்த விடிலிப் பெண்ணும் சொல்லியிருப்பாள். அவளிடம் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

2012 ஜனவரி 16, பொங்கல் விடுமுறையின் பின்னிரவு. சேப்பாக்கம் எழிலக வளாகத்தில், ஆற்காடு நவாபின் அரண்மனையான 18ஆம் நூற்றாண்டுக் கலச மகாலில் தீப்பிடித்தது. மரச்சட்டங்கள் தாங்கிய பழைய கூரை. அணைக்கும் பணியில் பிரியா ரவிச்சந்திரனும் வீரர்களும் உள்ளே இருந்தபோது கூரை இடிந்து விழுந்தது. அன்பழகன் என்ற தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். பிரியா பலத்த தீக்காயங்களோடு மீட்கப்பட்டார். வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. குணமாகித் துறைக்கே திரும்பினார். பின்னாளில் இந்திய ஆட்சிப் பணிக்கு உயர்ந்தார்.

அந்த இரவை வெறும் வீரக்கதையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நான் அதை வேறு விதமாகவும் பார்க்கிறேன். பெண்ணால் முடியுமா என்று 2003இல் கேட்டவர்களுக்கு, அதிகாரி வெளியே நின்று உத்தரவு போடாமல் தன் ஆட்களோடு உள்ளே இருந்தார் என்பதே பதில். ஒரு பயிற்றுநருக்கோ அந்த இரவு பாடம்: மரச்சட்டம் எரியும் பழைய கட்டடத்தில் கூரை எப்போது இறங்கும், எப்போது வெளியேற வேண்டும். களத்தில் உயிர் கொடுத்துக் கற்றதை அடுத்த அணிக்கு உயிர் போகாமல் கற்றுக்கொடுப்பதே பயிற்சி. அந்தப் பாடத்தை நடத்தும் தகுதியை ஒரு பெண் தன் உடம்பின் காயத்தால் பெற்றிருந்தாள்.

ஆனால் அவள் முன்னால் அமர்ந்து கேட்கும் பெண்கள் எங்கே? மேல்வாசல் திறந்த பின்னும் கீழ்வாசல் அடைத்தே கிடந்தது. 2023இல் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வெளியிட்ட அறிவிப்பில் காவலர், சிறைக் காவலர் பணிகளுக்குப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். தீயணைப்பாளர் பணி ஆண்களுக்கு மட்டும். அதே 2023இல் பக்கத்துக் கேரளத்தில் 82 பெண்கள் தீயணைப்புப் பயிற்சியில் சேர்ந்து, அடுத்த ஆண்டு பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். அங்கே தனியொரு 'முதல் பெண்' இல்லை. ஒரு அணி இருக்கிறது. அந்த அணியிலிருந்து நாளை பயிற்றுநர்கள் வருவார்கள். தனியாக வரும் பெண்ணைத் துறை விதிவிலக்காக வைத்துப் பாராட்டிவிடும். எண்பது பேர் ஒன்றாக வந்தால் கழிப்பறையிலிருந்து சீருடை அளவுவரை துறைதான் மாற வேண்டும்.

*

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குத் தீத்தடுப்புப் பயிற்சி நடந்தது. நான் விடுமுறைக்குப் போயிருந்தேன். பணி ஓய்வை நெருங்கிய ஒரு பயிற்றுநர் வந்திருந்தார். கேஸ் சிலிண்டரைத் திறந்து கொளுத்திவிட்டு, நனைத்த சாக்கைத் தனக்கு முன்னால் திரைபோலப் பிடித்துக்கொண்டு போய் மூடி, ரெகுலேட்டரை அடைத்துக் காட்டினார். பிறகு வாட்ச்மேனைத் தேடவில்லை. "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகச் சொன்னார், அவ்வளவுதான். தாவணிக்கான விடை அத்தனை எளிதாக இருந்திருக்கிறது.

பெரியம்மாவின் முறை வந்தது. எழுபது வயதைத் தாண்டியவர், பயமில்லாமல் போய் மூடிவிட்டு வந்தார். "பாட்டி, உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என்று அவர் கேட்டார். "இதுல சொல்லிக்குடுக்க என்ன இருக்கு. நாப்பது வருசம் விடிலில கெடந்தவ" என்றார் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்யா. ஆளு மேல தீப்பிடிச்சா என்ன செய்யணும்?"

அவர் பெரியம்மாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒரு கம்பளியைக் கொண்டுவரச் சொன்னார். குழுவில் இருந்த சின்னப்பெண் ஒருத்தியை நடிக்கச் சொல்லி, அவளை எப்படித் தடுத்து நிறுத்துவது, எப்படிக் கீழே படுக்கவைப்பது, கழுத்திலிருந்து கீழ்நோக்கி எப்படிப் போர்த்துவது என்று காட்டினார். முகத்தை மூடக் கூடாது. தீ அணைந்ததும் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடமாவது ஊற்ற வேண்டும். மாவு, இங்க், பற்பசை எதையும் தடவக் கூடாது. ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பெரியம்மாவையே செய்யச் சொன்னார். அவர் செய்தார். கம்பளிக்குள் கிடந்த பெண்ணின் தோளைப் பிடித்து அமுக்கியபடி, வேண்டியதைவிட அதிக நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு நான் அந்தப் பயிற்றுநரிடம் கேட்டேன், இத்தனை வருஷம் களத்தில் இருந்துவிட்டு ஊர் ஊராக இப்படி வகுப்பெடுக்கச் சலிப்பாக இல்லையா என்று. "திருச்செந்தூர்லேந்து வண்டி வந்து சேர்றதுக்குள்ள முதல் அஞ்சு நிமிஷம் போயிருதும்மா. அந்த அஞ்சு நிமிஷமும் வீட்டுல இருக்கிற பொம்பளைங்க கையிலதான் இருக்கு. நாங்க போகும்போது பல தடவை எடுத்து வைக்கிற வேலைதான் மிச்சம். அது வேண்டாம்னுதான் இதுக்கு வந்தேன்" என்றார். பயிற்றுநரின் நோக்கம் பற்றி நான் படித்த எதுவும் இதைவிடத் தெளிவாக இல்லை.

*

2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2000 ஏக்கருக்கு மேல் நிலம். சிறிய செயற்கைக்கோள்களைச் சுமக்கும் ராக்கெட்டுகள் இங்கிருந்து தென்திசை நோக்கிப் போகும். அவற்றின் முதன்மை எரிபொருள் திட எரிபொருள். அதற்குள்ளேயே ஆக்சிஜன் தரும் வேதிப்பொருளும் கலந்திருக்கும். மணலைக் கொட்டியோ சாக்கைப் போர்த்தியோ, காற்றை அடைத்து அதை அணைக்க முடியாது. பெரியம்மாவின் மூன்று வழிகளில் ஒன்று அங்கே செல்லாது. புதிய தீ, புதிய பாடம்.

அப்படிப்பட்ட ஒரு தளத்தில் தீயணைப்பு அணி இல்லாமல் முடியாது. அணிக்குப் பயிற்சித் திடல் வேண்டும். அந்தத் திடலில் பனங்காட்டுக் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் இருப்பார்களா, அல்லது வெளியே நின்று கைதட்டுவார்களா என்பது இப்போதே கேட்க வேண்டிய கேள்வி. பணியாணைகள் வந்த பிறகு கேட்டால் வழக்கமான பதில் கிடைக்கும்: பெண்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் எனக்குச் சின்ன வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த முறை உங்கள் கல்லூரியில் செயல்விளக்கம் நடக்கும்போது, உருளையை யார் கையில் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களில் ஒருத்தி எழுந்து போய் வாங்குங்கள். தலைப்பையோ துப்பட்டாவையோ செருகிக்கொண்டால் போதும். அணைத்துவிட்டு வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படி என்று சொல்லிக்கொடுங்கள்.